குடிவரவாளர் விடயத்தில் மாநகரசபைக்கு என்ன வேலை?

யாரை உள்ளே விடுவது என்பதை மத்திய அரசே முடிவு செய்யும்போது, வந்தவர்களைக் குடியமர்த்துவதில் மாநகரசபைகளுக்கு என்ன பங்கு இருக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவின் ரொறன்ரோ நகரத்துக்கு உட்பட்ட ஸ்காபரோவில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில், ரொறன்ரோவை வைத்தே பதில் சொல்கிறேன்.

சட்டத்தை மட்டும் பார்த்தால் பங்கு ஏதும் இல்லை. கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் குடிவரவை மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவாக்கியது. நகரங்களை மாகாணங்களின் கையில் விட்டது. ஆனால் வந்திறங்கியவருக்கு மறுநாள் காலையில் தேவைப்படும் பேருந்து, நூலகம், பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, போக்கிடம் இல்லாதவருக்கு ஒரு கட்டில் ஆகிய அனைத்தும் நகரத்தின் தலையில்தான் விழுகின்றன.

என் முதல் பனிக்காலத்தில் நூலக அட்டை எடுக்கப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண் முகவரிக்குச் சான்று கேட்டாரே தவிர விசாவைக் கேட்கவில்லை. அவருடைய நல்ல மனம் என்றுதான் நினைத்தேன். பல ஆண்டுகள் கழித்து, 2013 பெப்ரவரியில், குடிவரவு நிலையைக் கேட்டு அஞ்சவைக்காமல் எல்லோருக்கும் சேவை வழங்க வேண்டும் என்று மாநகரசபை தீர்மானித்தபோதுதான், அதை ஒருவரின் மனத்தைப் பொறுத்த விடயமாக விட்டுவிடக் கூடாது என்பது எனக்கு உறைத்தது. நகரம் செய்யக்கூடியவற்றில் பெரியது இதுவே என்பேன், செலவும் அதிகமில்லை.

செலவு பிடிக்கும் இடத்தில் நிலைமை வேறு. 2023 கோடையில் தங்குமிடங்கள் நிரம்பிவிட, பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த அகதிக் கோரிக்கையாளர்கள் பீற்றர் வீதியில், நகரத்தின் உதவி மையத்துக்கு வெளியே, நடைபாதையில் படுத்துறங்கினார்கள். நகரம் அவர்களை மத்திய அரசிடம் போகச் சொன்னது. மத்திய அரசோ தங்குமிடம் நகரத்தின் பொறுப்பு என்றது. இடையில் கதவைத் திறந்தவை தேவாலயங்கள். ஜூலையில் மத்திய அரசு 97 மில்லியன் டொலர் ஒதுக்கிய பிறகே நெருக்கடி சற்றுத் தணிந்தது. நகரம் கைவிரித்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆயினும் பெருமளவு சொத்து வரியை நம்பி, பற்றாக்குறையுடன் வரவுசெலவுத் திட்டம் போடவும் மாகாணச் சட்டம் இடம்கொடாத நிலையில் இருக்கும் ஒரு சபையிடம் பொறுப்பை மட்டும் தள்ளிவிட்டால் வேறென்ன நடக்கும்?

நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு நகரத் தேர்தலில் வாக்குரிமை வேண்டும் என்று அதே 2013இல் மாநகரசபை மாகாணத்திடம் கேட்டது, மாகாணம் அசையவில்லை. 2022 ஒக்ரோபர் தேர்தலன்று, எங்களைப் போலவே சொத்து வரி கட்டும் என் பக்கத்து வீட்டுக்காரர், என்னைத் தன் காரில் வாக்குச்சாவடிக்குக் கூட்டிச் சென்று, நான் வாக்களித்து வரும்வரை வெளியே காத்திருந்தார்.