நாலாவது சுற்றில் கீழே போன பிரேக்

வணக்கம் சார்,

உங்கள் பழைய மாருதி எஸ்டீம் கார் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. போன வருடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று வாங்கினேன். நான் நாலாவது ஓனர். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் வண்டியைத் தாழ்த்தி, 15 இஞ்ச் அலாய் போட்டு, சைலன்சர், ஏர் ஃபில்டர், பக்கெட் சீட் எல்லாம் மாற்றியிருக்கிறார். ரோட்டில் ராஜா மாதிரி போகும்.

சென்ற மாதம் கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயப் பாதையில், சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் ஒரு டிராக் டேக்கு நண்பர்களோடு போனேன். முதல் மூன்று சுற்று பிரமாதம். நாலாவது சுற்றில் பிரேக் பெடல் அப்படியே கீழே போய்விட்டது. நல்லவேளை, மண்ணில் இறங்கி நின்றேன். அரை மணி நேரத்தில் பெடல் தானாகச் சரியானதால் மதியம் மறுபடி ஓட்டினேன். எந்த மாற்றமும் செய்யாத ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோ என்னை வளைவுக்கு வளைவு கடந்து போனது. ஓட்டியவன் என் நண்பன்தான், அவனுக்கும் அது முதல் முறை.

என் மெக்கானிக், எஞ்சினில் வால்வைத் திறக்கும் கேம் தண்டை மாற்றி, ஹெட் வேலை செய்து, ஈசியு என்ற எஞ்சின் கம்ப்யூட்டரை டியூன் பண்ணினால் 130 குதிரை வரும், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார். நண்பர்கள் இதை விற்றுவிட்டு டர்போ வண்டி வாங்கு என்கிறார்கள். அப்பா விற்றுவிட்டுச் சும்மா இரு என்கிறார். டிராக்கில் ஓட்டும் அனுபவத்தை எப்படிச் சேர்ப்பது? இந்த வண்டி அதற்கு லாயக்கா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

மூன்று தரப்பு, மூன்று யோசனை. அப்பா சொன்னதில் நான் தலையிடவில்லை, அது உங்கள் வீட்டு விஷயம். மற்ற இரண்டும் வேண்டாம். வண்டி லாயக்குதான். ஆனால் உங்களிடம் இருப்பது என்ன வண்டி என்று உங்களுக்கே இன்னும் தெரியாது.

முதலில் அந்த நாலாவது சுற்று. சுமார் 1,000 கிலோ எடையுள்ள வண்டியை 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50-க்குக் கொண்டுவந்தால், பிரேக்கில் பிறக்கும் சூடு ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு முறை பிரேக் அழுத்துவதற்கு இவ்வளவு. ஈரோட்டிலிருந்து கோவை வரும் பைபாஸில் இப்படி ஒருமுறை அழுத்தினால், அடுத்த முறை அழுத்துவதற்குள் காற்று எல்லாவற்றையும் ஆற்றிவிடும். செட்டிபாளையத்தில் ஒரு சுற்றே 2.1 கிலோமீட்டர்தான், வளைவுக்குப் பின் வளைவு. ஆறுவதற்கு நேரமே கிடையாது.

அந்தச் சூடு சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க், அதை உரசி நிறுத்தும் பேடு, பேடை அழுத்தும் கேலிப்பர் என்று ஏறி பிரேக் ஆயிலுக்குப் போகும். ஆயில் என்று பேர்தான், அது எண்ணெய் இல்லை. காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் ஒரு திரவம். புதிய டாட் 3 ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு, டாட் 4 என்றால் 230. ஈரம் ஏறிய பிறகு இதே அளவு 140, 155 என்று இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். உங்கள் காலின் பலம் முழுக்க அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. அரை மணி நேரத்தில் ஆறியதும் குமிழி மறைகிறது, பெடலும் மேலே வருகிறது. தானாகச் சரியானது என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாகவில்லை, ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். மதியம் மறுபடி ஓட்டியதற்குத் திட்டலாம் என்று நினைத்தேன். நானும் அதையே ஒருமுறை செய்திருப்பதால் விட்டுவிடுகிறேன்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூட்டில் பிடியை இழந்திருக்கிறது. பெடலே கீழே போனால் பெரும்பாலும் ஆயில் கொதித்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உங்களுடையது இரண்டாவது வகை, அதுதான் மலிவானது. பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டு நல்ல டாட் 4 ஊற்றச் சொல்லுங்கள். நாலு சக்கரத்துப் பிரேக் குழாயிலிருந்தும் காற்று எடுக்க வேண்டும். இதை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. மூன்று பேர் கைமாறிய வண்டி.

பழைய மாடிஃபைடு வண்டி வாங்குவது என்பது, பல பேர் பிரதியெடுத்த ஏட்டுச்சுவடி ஒன்று கையில் கிடைப்பது மாதிரி. மூலம் எது, இடைச்செருகல் எது, எழுதியவர் கை தவறிய இடம் எது என்று பிரித்துப் பார்க்காமல் அதற்கு உரை எழுத உட்காரக் கூடாது. கேம் மாற்றுவதெல்லாம் உரை எழுதுகிற வேலை. நீங்கள் முதலில் பாடபேதம் பார்க்க வேண்டும்.

என் எஸ்டீம் கதையின் ஒரு பகுதியை நான் முன்பு எழுதவில்லை, கொஞ்சம் வெட்கமாக இருந்ததால். வாங்கும்போதே தாழ்ந்திருந்த வண்டி அது. 'ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங்' என்றார் விற்றவர். நானும் நம்பி இரண்டு வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதே செட்டிபாளையத்தில், ஒரு வளைவுக்குள் பாதி போனபிறகு வேகம் அதிகமோ என்று பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுத்தேன். வண்டியின் பின்பக்கம் எனக்கு முன்னால் வந்துவிட்டது. ஒன்றரைச் சுற்று சுழன்று புல்லில் நின்றோம், நானும் என் பெருமையும். அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்தால், ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங் என்று ஒன்றுமே இல்லை. கம்பெனி ஸ்பிரிங்கில் ஒன்றரைக் கண்ணியை யாரோ கட்டிங் வீலால் அறுத்திருக்கிறார்கள். வெட்டிய முனையில் சொரசொரப்புக்கூட அப்படியே இருந்தது.

வெட்டிய ஸ்பிரிங் என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த போலோ உங்களைக் கடந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வண்டி இறங்கியதும் ஷாக் அப்சார்பருக்கு மேலே கீழே போக இடம் குறைகிறது. வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தில் அது அடியில் இருக்கும் ரப்பரில் போய் இடிக்கிறது. இடித்த கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லை என்று ஆகிவிடும், பிடி அறுந்துபோகும். முன்சக்கரத்தில் நடந்தால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும், பின்சக்கரத்தில் நடந்தால் சுழலும். இன்னொன்றும் உண்டு. எஸ்டீம் மாதிரி முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட் வைத்த வண்டியை அளவுக்கு மீறித் தாழ்த்தினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துகொள்ளும். அதனால் வளைவில் வண்டியைச் சாய்க்கும் விசை குறைவதற்குப் பதில் கூடத்தான் செய்யும். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும், ஓட்டினால் மூட்டை ஏற்றிய மாதிரி இருக்கும். போலோவை வடிவமைத்தவர்கள் அதன் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்து வைத்தவர்கள். உங்கள் நண்பர் செய்த ஒரே நல்ல காரியம், அதைத் தொடாமல் விட்டது.

ஆகவே எஞ்சின் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அந்த விடெக் கம்பெனியிலிருந்து வரும்போதே 106 குதிரை. அது உங்களுக்கும் எனக்கும் போதும். முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் நின்று, டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் வெட்டியதா, கம்பெனி பெயரும் பார்ட் நம்பரும் உள்ளதா. இருபது வயதுக்கு மேல் ஆன ரப்பர் புஷ் எல்லாம் வெடித்திருக்கும், லோயர் ஆர்ம் புஷ்ஷும் எஞ்சின் மவுன்ட்டும் மாற்றினால் அது வேறு வண்டியாகத் தெரியும். பால் ஜாயின்ட், வீல் பேரிங், கூலன்ட் ஹோஸ், பிரேக் ஹோஸ் எல்லாம் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தொட வேண்டும், ஏனென்றால் நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்தால் பேரிங் போய்விடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. தரையைப் பிடிக்கும் ரப்பர் பட்டன் நிறைய இருந்தாலும் வயதான டயர் மரக்கட்டைதான்.

பக்கெட் சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதோடு நாலு முனை பெல்ட் வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள். இடுப்புக்கு அடியிலிருந்து வரும் பட்டை இல்லாத பெல்ட்டில், மோதும்போது உடம்பு கீழே வழுக்கி இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறும். கம்பெனி பெல்ட் அதைவிட நம்பகமானது. யாராவது ரோல் கேஜ், அதாவது வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூண்டு, போடலாம் என்றால், தினமும் ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் எதற்கு?

சரி, அனுபவம். பழைய வண்டியின் நிஜமான லாபம் இங்கேதான். அந்தக் காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது, உங்கள் தவறைக் கம்ப்யூட்டர் திருத்தி மறைக்காது. டயர் கத்துவது காதுக்குக் கேட்கும், ஸ்டீயரிங் லேசாவது கைக்குத் தெரியும். டயரின் பிடி சின்னப் போர்வை மாதிரி. தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாது. பிரேக்கில் முழுவதையும் செலவழித்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சம் இருக்காது. நேராக இருக்கும்போதே பிரேக்கை முடி, பிறகு திருப்பு, ஸ்டீயரிங் நேராக ஆக ஆக்ஸிலேட்டரைக் கொடு என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். என் எஸ்டீம் சுழன்றதும் இதே கணக்கு. காலை எடுத்ததும் எடை முன்பக்கம் சாய்ந்தது, பின்சக்கரங்களுக்குப் போர்வை போதவில்லை.

ஒரு பயிற்சி சொல்கிறேன். காலை முதல் செஷனில், கூட்டம் இல்லாதபோது, ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட்டு, முழுச் சுற்றும் மூன்றாம் கியரில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். மெதுவாக ஆரம்பியுங்கள். வளைவு வருவதற்கு வெகுமுன்பே காலை எடுக்க வேண்டியிருக்கும், கண் தானாகத் தூரத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். வேகத்தைத் தொலைத்தால் மீட்க வழி இல்லை என்பதால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்ப மாட்டீர்கள். நான் பத்து டிராக் டேயில் கற்காததை இப்படி ஓட்டிய ஒரு காலையில் கற்றேன். பிரேக் பேடும் மிச்சம்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். டயர் காற்று சூட்டில் ஏறும், ஆகவே ஓடி முடித்து பிட்டுக்குள் வந்ததும் அளந்து எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். காற்றையும் பேடையும் ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது. செஷனின் கடைசிச் சுற்றை பிரேக் அழுத்தாமல் ஆற விட்டு ஓட்டுங்கள், நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள். வீல் நட்டை மறுபடி முடுக்கிப் பாருங்கள். முடிந்தால் ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவர் கத்துவார், பரவாயில்லை. லேப் டைம் பார்ப்பதை மூன்றாவது தடவை வரை தள்ளிப்போடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு இப்போதே ஆசைப்படாதீர்கள், அது 3.7 கிலோமீட்டர், வேகமும் அதிகம். செட்டிபாளையத்தில் அதே காசுக்கு நிறைய வளைவு கிடைக்கும்.

130 குதிரை இல்லாமல் என்ன கற்க முடியும் என்று மெக்கானிக் கேட்டால், அந்த டிராக் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கரி என்பது கரிவர்தன். அவர் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைக் கோயம்புத்தூரில் உருவாக்கியவர். 1995-இல் சிறிய விமானம் ஒன்று விழுந்து இறந்துபோனார். 1993-இல் நாராயண் கார்த்திகேயன் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன் ஓட்டினார். சந்தையில் காய்கறி வாங்கப் போகிற வண்டியின் எஞ்சின் அது.

கடைசியாக இரண்டு கசப்பான விஷயம். வழக்கமான கார் இன்ஷூரன்ஸில் பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கு. டிராக்கில் இடித்தால் உங்கள் கைக்காசுதான். அதே மாதிரி, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டி ரோட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்குள் மாட்டும், உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிசெய்திருக்கிறது. எஞ்சின், சைலன்சர் எல்லாம் மாற்றிய வண்டியில் செட்டிபாளையத்திலிருந்து ஈரோட்டுக்குத் திரும்பும்போது வழியில் நிறுத்தினால், டிராக்குக்காகத்தான் சார் என்று சொல்வது எடுபடாது. கம்பெனி நிலைக்கு வண்டியைக் கொண்டுவருவதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது வெட்டிய முனை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். என் எஸ்டீமிலிருந்து கழற்றியது இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது, பேப்பர் வெயிட்டாக.