பழைய ஜீப், ஜிப்ஸி, சஃபாரி: புஷ் மாற்றுவது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (ஜிப்ஸி, கூடலூர்): குழியில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் டொக் டொக் என்று சத்தம். ஷாக் அப்சார்பர் புதுசு. புஷ்தானே?

பதில்: பெரும்பாலும் அதுதான். இரண்டு இரும்புப் பாகங்கள் போல்ட்டில் சேரும் இடத்தில் உட்காரும் உருளைதான் புஷ், பெரும்பாலும் ரப்பர். ஆனாலும் பார்த்துவிட்டு வாங்குங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஷேக்கிளுக்கும் (ஸ்பிரிங் முனையைப் பிடிக்கும் ஆடும் இணைப்பு) சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே நீளமான லீவரை விட்டு நெம்புங்கள். இரும்பும் இரும்பும் முட்டினாலோ, போல்ட் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ ரப்பர் போய்விட்டது. ஷாக்கின் மேலும் கீழும் உள்ள சின்ன புஷ்களையும் விடாதீர்கள். புது ஷாக்கில் பழைய புஷ்ஷையே மாட்டியிருந்தால் இதே சத்தம் வரும்.

கேள்வி (சஃபாரி, தேனி): பின்பக்க லிங்க் ஆர்ம்களுக்குப் புது புஷ் போட்டு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. டூப்ளிகேட் பொருளா?

பதில்: இருக்கலாம். ஆனால் போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று முதலில் கேளுங்கள். பழைய சஃபாரியின் பின்பக்கம் காயில் ஸ்பிரிங், ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் ஆர்ம்கள் நீளவாக்கில், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்ட் ராடு குறுக்கே. அந்த ஆர்ம்களின் புஷ்ஷில் உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒன்று, இரண்டோடும் ஒட்டிய ரப்பர் நடுவில். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாது. ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் உரசித் திரும்புவதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மீள்கிறது.

ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்தத் தொங்கல்தான் ரப்பரின் ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கேறி நிற்கும். ஷெட்டில் சும்மா நின்றாலும் அப்படித்தான். அதற்கு மேல் ஒவ்வொரு குழியும் சேரும்போது கிழியாமல் என்ன செய்யும்? எனவே போல்ட்களைக் கையால் மட்டும் பிடிக்க வையுங்கள். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, நாலு தடவை அழுத்தி ஆட்டுங்கள். அப்புறம் மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் விசையின் அளவு) இறுக்குங்கள். முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு.

கேள்வி (பொலேரோ, சத்தியமங்கலம்): கிறீச் என்கிறது. மெக்கானிக் பழைய எஞ்சின் ஆயிலை விடச் சொன்னார்.

பதில்: விடாதீர்கள். ஆயிலும் டீசலும் ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும். சந்தேகப்படும் புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் இடம் தெரிந்துவிட்டது.

கேள்வி (பழைய தார், பொள்ளாச்சி): பிரஸ் (புஷ்ஷை அழுத்தித் தள்ளும் இயந்திரம்) இல்லாமல் வீட்டில் கழற்ற முடியுமா?

பதில்: முடியும். முதலில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ரப்பரைத் துளைபோட்டு உள்குழாயை எடுங்கள். வெளிக்குழாயை ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்து உள்பக்கமாக மடக்குங்கள், ஸ்பிரிங் கண்ணில் (ஸ்பிரிங் முனையில் புஷ் உட்காரும் வளையம்) பிளேடு படக் கூடாது. ரப்பரை எரித்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் புகை கெடுதல், நான் சொல்லமாட்டேன். புதியதை உள்ளே தள்ளும்போது விசை வெளிக்குழாயில் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி (ஜிப்ஸி, மதுரை): பாலியூரிதேன் (ரப்பரைவிடக் கெட்டியான ஒரு பிளாஸ்டிக் வகை) புஷ் ரப்பரைவிட நல்லதா?

பதில்: சஃபாரி ஆர்ம்களுக்கு வேண்டாம்.

கேள்வி (அவரே): நண்பர்கள் எல்லாரும் அதைத்தானே போடுகிறார்கள்? என் ஜிப்ஸியில் வருஷக்கணக்கில் நன்றாக ஓடுகிறதே!

பதில்: ஓடும். ஜிப்ஸிக்கு நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கிய இரும்புப் பட்டைகள். ஸ்பிரிங் கண்ணுக்கு முக்கிய வேலை ஒரே அச்சில் முன்னும் பின்னும் திரும்புவது. பாலியூரிதேன் அதற்குப் போதும், சிலிகான் கிரீஸ் போட்டுக்கொண்டே இருந்தால். சஃபாரியில் ஒரு சக்கரம் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருந்தால் ஆர்ம் பக்கவாட்டிலும் சாய வேண்டும். ரப்பர் எல்லாத் திசையிலும் வளைந்துகொடுக்கும். கெட்டியான பாலியூரிதேன் அந்த அளவு கொடுக்காது, சுமை பிராக்கெட்டின் வெல்டிங்குக்குப் போகும். புஷ் கிழிந்தால் மாற்றலாம், சேஸிஸில் விரிசல் விழுந்தால் செலவு வேறு.

கேள்வி (இன்னொருவர், ஜிப்ஸி, கோவை): ஆனால் ரப்பரில் ஸ்டீயரிங் துல்லியமே இல்லை.

பதில்: புது ரப்பர் போட்டு, சரியாக இறுக்கி ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள். நைந்த ரப்பரோடு புது பாலியூரிதேனை ஒப்பிடுவது நியாயமில்லை. தார் ரோட்டில் மட்டும் ஓடுகிறவர் அதைப் போட்டால் சண்டைக்கு வரமாட்டேன். காட்டுப்பாதையில் ஓடும் சஃபாரிக்குப் போட்டால் வருவேன்.

கேள்வி (ஜீப், ஏற்காடு): டொக் டொக் சத்தம்...

பதில்: முதல் பதில்.

கேள்வி (ஜிப்ஸி, திண்டுக்கல்): வேகம் கூடினால் ஸ்டீயரிங் பயங்கரமாக உதறுகிறது. புஷ் மாற்றினால் போதுமா?

பதில்: புஷ்ஷில் ஆரம்பிக்காதீர்கள். வீல் பேலன்ஸ், டை ராடு எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு), கிங்பின் பேரிங் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பேரிங்) மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவரை வேகமாக ஓட்ட வேண்டாம்.

கேள்வி (வில்லிஸ் வகைப் பழைய ஜீப், வால்பாறை): ஷேக்கிளுக்கு ரப்பர் புஷ் தேடுகிறேன், எங்கும் கிடைக்கவில்லை.

பதில்: கிடைக்காது, அந்த ஷேக்கிளில் ரப்பரே கிடையாது! மஹிந்திரா 1940-களின் கடைசியில் இங்கே பூட்டத் தொடங்கிய ஜீப்களின் வழிவந்த அமைப்பு அது: யு வடிவ ஷேக்கிள், மரை போட்ட இரும்பு புஷ், கிரீஸ் நிப்பிள். கிரீஸ் அடித்துக்கொண்டே இருந்தால் நெடுநாள் உழைக்கும். சில ஷேக்கிள்களில் இடது மரை வரும், முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். புது புஷ் இரண்டு காலிலும் சம அளவு மரை பிடிக்க வேண்டும். நேரம் எடுத்துச் செய்யுங்கள், ரொம்ப அழகான வேலை.

கேள்வி (சஃபாரி, ஓசூர்): வண்டி தரையில் இருந்தால் அடியில் கை நுழையவில்லை. ஜாக்கியில் வைத்தே இறுக்கலாமா?

பதில்: கூடாது. மேலே எழுதியதைப் படியுங்கள். நாலு சக்கரத்தையும் கெட்டியான மேடைமேல் ஏற்றுங்கள், இல்லையென்றால் சர்வீஸ் குழி உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி (தார், சேலம்): பெரிய டயர் போட்டால்...

பதில்: டயர் என் துறை இல்லை. முன் ஆர்ம் புஷ் மாற்றியிருந்தால் மட்டும் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டாதீர்கள், புது டயரின் ஓரம் தேய்ந்துவிடும்.