கொத்துக்குள் ஆடா, மாடா? – கேள்வி பதில்

உணவு ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இறைச்சி பற்றிக் கேட்கச் சொன்னேன். வந்தவற்றில் சில.

வெள்ளவத்தை வாசகர்: அண்ணா, மட்டன் கொத்தில் மாட்டிறைச்சி கலந்தால் பிடிக்கலாமா? அதுதான் வெந்து, கொத்துப்பட்டு, மசாலாவும் ஏறிவிட்டதே?

பிடிக்கலாம். சூட்டில் புரதம் உருமாறிவிடுவதால், புரதத்தைத் தேடும் எலைசா சோதனைகள் சில தடுமாறும். டி.என்.ஏ அதைவிடத் தாக்குப்பிடிக்கும். உடைந்து சிதறினாலும் நூறு, நூற்றைம்பது கார இணை (டி.என்.ஏ ஏணியின் படிகள்) நீளத்தில் துண்டுகள் மிஞ்சினால், டி.என்.ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர் சோதனைக்குப் போதும். பெரும்பாலும் கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் (மைற்றோகொண்ட்ரியா) டி.என்.ஏயைத்தான் தேடுவோம். ஒரு கலத்தில் அதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மசாலாதான் உண்மையில் தொல்லை. அதிலுள்ள சில பொருட்கள் பி.சி.ஆரையே நிறுத்திவிடும், முதலில் நன்றாகச் சுத்திகரிக்க வேண்டும்.

அவரே மீண்டும்: ‘மாடு இல்லை’ என்று அறிக்கை வந்தால் ஆடு என்று நம்பலாம்தானே?

கூடாது! மாட்டை மட்டும் தேடினால் மாடு இருக்கிறதா இல்லையா என்றுதான் தெரியும். அது குதிரையாகவும் இருக்கலாம். ஆட்டையும் தனியாகத் தேடச் சொல்லுங்கள்.

பொரளை: எத்தனை வீதம் கலந்திருக்கிறது என்று சொல்வீர்களா?

அங்கேதான் சிக்கல். ஈரலிலும் தசையிலும் கொழுப்பிலும் டி.என்.ஏ ஒரே அளவில் இருப்பதில்லை. அயர்லாந்தில் 2013 ஜனவரியில் வெளியான ஆய்வைப் பாருங்கள்: 27 மாட்டிறைச்சி பர்கர்களில் 23இல் பன்றி டி.என்.ஏ, 10இல் குதிரை டி.என்.ஏ. பெரும்பாலும் மிகச் சிறிய அளவுதான். ஒன்றில் மட்டும் மாட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் 29 வீதம் குதிரை. சுவடு வந்தால் கழுவாத அரைக்கும் இயந்திரத்தைச் சந்தேகிக்கலாம், 29 வீதத்துக்கு அந்தச் சாட்டு எடுபடாது.

தெமட்டகொடை: சேர், சொசேஜில் பன்றிக் கொழுப்பு, இனிப்பில் பன்றி ஜெலட்டின்?

சொசேஜில் கொழுப்போடு பன்றியின் தசையோ திசுவோ சேர்ந்திருந்தால் பி.சி.ஆர் போதும். தனிக் கொழுப்பு என்றால் கொழுப்பமிலங்களைப் பார்ப்போம். பன்றிக் கொழுப்பு மூலக்கூற்றின் நடு இடத்தில் பெரும்பாலும் பால்மிற்றிக் அமிலம் இருக்கும், மாட்டுக் கொழுப்பு அப்படியில்லை. ஜெலட்டின் தயாரிக்கையில் அமிலமும் சூடும் டி.என்.ஏயைச் சிதைத்துவிடும். அதில் கொலாஜன் (தோல், எலும்பிலுள்ள புரதம்) துண்டுகளை, மூலக்கூறுகளின் திணிவை அளக்கும் திணிவு நிறமாலைமானியில் பார்ப்பதே நம்பகமான வழி.

கொட்டாஞ்சேனை: மணந்தே சொல்லிவிடலாம் என்கிறார் மாமா.

மாமாவின் மூக்கு பிடிப்பது 4-மெதைல் ஒக்டனோயிக் அமிலம் போன்றவற்றை. அவை ஆட்டுக் கொழுப்பில் இருக்கின்றன. மாட்டிறைச்சியில் கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பை உருக்கி ஊற்றினால் மாமாவும் ஏமாறுவார்.

கிருலப்பனை: எருமையா, பசுவா?

டி.என்.ஏயில் சுலபமாகப் பிரியும்.

மருதானை: கடையில் வாங்கிய பார்சலை எங்கே கொடுப்பது?

பார்சலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி அவரே கடையில் மாதிரி எடுத்து முத்திரையிட்டு, அங்கீகரிக்கப்பட்ட பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார். நீங்கள் கொண்டுபோகும் துண்டு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பில்லை மட்டும் எறியாதீர்கள்.