முதல் சோதனையில் 38: மெட்ரிக் முடித்த பிள்ளையின் முதல் செமஸ்டர்

அன்புள்ள அம்மா,

தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வான மெட்ரிக்கில் கணிதத்தில் 84 வாங்கிய மகன், பல்கலைக்கழகத்தில் மார்ச் மாதம் எழுதிய முதல் சோதனையில் 38 வாங்கியிருக்கிறான். பிள்ளை கெட்டுப்போய்விட்டானா, தப்பான படிப்பில் சேர்த்துவிட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டும் இல்லை. வகுப்பு தொடங்கி ஆறு வாரம்தான் ஆகிறது. நன்றாகப் படித்த பிள்ளைகளுக்குத்தான் இந்த அடி பலமாக விழும். இப்போதே கவனித்தால் ஜூன் தேர்வுக்குள் சரி செய்ய நேரம் இருக்கிறது.

அந்த 84 எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். மெட்ரிக் மதிப்பெண்ணில் 25 விழுக்காடு பள்ளியிலேயே போடுவது, 75 விழுக்காடு இறுதித் தேர்வு. ஆசிரியர் பாடம் நடத்தினார், வகுப்பிலேயே கணக்குப் போடவைத்தார், வீட்டுப்பாடத்தைத் திருத்தினார், சனிக்கிழமை வகுப்பும் விடுமுறை வகுப்பும் வைத்தார். பழைய கேள்வித்தாள்களை விடைக்குறிப்போடு பத்துத் தடவை போடவைத்தார். எந்த நாளில் எதைப் படிப்பது என்ற முடிவைத் தம்பி எடுக்கவேண்டிய அவசியமே வரவில்லை, பள்ளி எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் அந்த ஏற்பாடு முழுவதும் அவன் தலையில் வந்து விழுகிறது. அதை யாரும் அவனிடம் சொல்வதும் இல்லை. விரிவுரையாளர் வருகிறார், முந்நூறு பேருக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசுகிறார், போய்விடுகிறார். பள்ளியில் இரண்டு வாரம் ஓடிய பாடம் இங்கே இரண்டு, மூன்று வகுப்பில் முடிந்துவிடும். பழைய கேள்வித்தாள் நூலகத்தில் கிடைக்கும். விடைக்குறிப்பு பெரும்பாலும் கிடைக்காது.

இன்னொன்று: மதிப்பெண்ணின் அளவுகோலே வேறு. பள்ளியில் 80 வாங்கினால் டிஸ்டிங்ஷன், இங்கே 75. சில பாடங்களுக்கு மெட்ரிக்கில் 30 போதும், இங்கே ஒவ்வொரு மாட்யூலுக்கும், அதாவது தனித்தனியாகத் தேர்ச்சி பெறவேண்டிய ஒவ்வொரு பாடத்துக்கும், 50 வேண்டும். முதல் ஆண்டில் 62 வாங்குகிற பிள்ளை ஒழுங்காகப் படிக்கிற பிள்ளை. வீட்டில் அதை 84-உடன் வைத்துப் பேசாதீர்கள்.

இனி மணிக்கணக்கு. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட், வருடத்துக்கு 120. அப்படியானால் ஒரு செமஸ்டருக்கு 600 மணி. தேர்வு வாரங்களையும் சேர்த்துப் பதினாறு வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு முப்பத்தேழரை மணி வருகிறது. ஒரு முழுநேர வேலைக்கு ஏறக்குறையச் சமம். கால அட்டவணையில் வகுப்பு, டுடோரியல், பிராக்டிகல் எல்லாம் சேர்த்து இருபது, இருபத்திரண்டு மணிதான் அச்சாகியிருக்கும். மீதிப் பதினைந்து மணி நேரம் எந்தத் தாளிலும் இருக்காது. முதல் ஆண்டுப் பிள்ளைகள் சறுக்குவது அந்தப் பதினைந்தில்தான். கட்டம் காலியாக இருந்தால் ஓய்வு என்று நினைத்துவிடுகிறார்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பலரோடு சேர்ந்து ஏறும் வேன் டாக்ஸியில் போய் வருகிற பிள்ளைக்கு இது இன்னும் கடினம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மாலை ஆறுக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஏழரைக்குப் புத்தகத்தைத் திறந்தால் எட்டரைக்குக் கண் சொக்கும். அது சோம்பேறித்தனம் இல்லை, உடம்பின் களைப்பு. ஆகவே அந்தப் பதினைந்து மணியில் பத்து மணியாவது வளாகத்திலேயே முடியவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம்: எட்டு மணிக்குக் கணித வகுப்பு, ஒன்பதரைக்கு வேதியியல், அதன்பின் பன்னிரண்டு வரை ஒன்றும் இல்லை, மதியம் இரண்டிலிருந்து பிராக்டிகல். பத்தே கால் முதல் பன்னிரண்டு வரை நூலகத்தின் அமைதியான மாடியில் உட்கார்ந்தால் ஒன்றே முக்கால் மணி கைக்கு வரும். காலையில் நடந்த கணித வகுப்பின் குறிப்பை மூடிவைத்து, நினைவிலிருந்து அரைப்பக்கம் எழுதிப் பார்க்கட்டும். விட்டுப்போன இடத்தை மட்டும் திறந்து பார்க்கட்டும். பிறகு டுடோரியல் தாளில் மூன்று கணக்கு. இதே இடைவேளை கான்டீனில் நண்பர்களோடு போனால் ஒன்றும் மிஞ்சாது. நண்பர்களும் வேண்டும், அதற்கு மதியச் சாப்பாட்டு நேரம் இருக்கிறது. பாடக்குறிப்புகளையும் வளாகத்து வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா செலவும் மிச்சம், மின்வெட்டு வந்தாலும் படிப்பு நிற்காது.

டுடோரியல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பள்ளியில் இதற்கு இணையாக ஒன்றும் கிடையாது. சுமார் முப்பது பேர் உட்காருகிற அறையில் மூத்த மாணவர் ஒருவர் டியூட்டராக இருப்பார். தாள் முந்தின வாரமே இணையதளத்தில் வந்துவிடும். வெறுங்கையோடு போனால் டியூட்டர் போர்டில் போடுவதைப் பார்த்து எழுதிக்கொண்டு வரலாம். பார்க்கும்போது புரிந்த மாதிரி இருக்கும், சோதனையில் வராது. தாளில் உள்ள எல்லாக் கணக்கையும் முதல் நாளே தொட்டுப் பார்த்திருக்கவேண்டும். எந்த வரியில் நின்றுபோனதோ அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு. ‘எனக்கு லிமிட் புரியவில்லை’ என்று கேட்டால் டியூட்டருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. ‘மதிப்பைப் போட்டதும் மேலேயும் கீழேயும் சைபர் வருகிறது, இதில் காரணிப்படுத்துவதா, கான்ஜுகேட்டால் பெருக்குவதா என்று எதை வைத்து முடிவு செய்வது?’ என்று கேட்டால் ஒரே நிமிடத்தில் பதில் வரும்: வர்க்கமூலம் இருந்தால் கான்ஜுகேட், பல்லுறுப்புக்கோவை மட்டும் என்றால் காரணி. அப்படிக் கேட்கிற பிள்ளையை விரிவுரையாளரும் மதிப்பார். ஒவ்வொரு விரிவுரையாளரின் கதவிலும் மாணவர்களைச் சந்திக்கும் நேரம் ஒட்டியிருக்கும். மார்ச், ஏப்ரலில் அங்கே கூட்டமே இருக்காது, தேர்வுக்கு முந்தின வாரம் நிற்க இடம் கிடைக்காது. பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் பழகிய பிள்ளைகள் அந்தக் கதவைத் தட்டத் தயங்குகிறார்கள். தட்டலாம், அது அவர்களுடைய வேலை நேரம் என்று நீங்களே தம்பியிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அந்தத் தயக்கம் விடும்.

அடுத்து, அந்த 38 வாங்கிய விடைத்தாள். பல பிள்ளைகள் அதை வாங்கவே போவதில்லை, அல்லது பைக்குள் மடித்துவைத்துவிடுகிறார்கள். அதை எடுத்துவைத்து, இழந்த 62 மதிப்பெண்ணையும் மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: பாடமே தெரியாமல் போனது, தெரிந்தும் குறி மாற்றிப் போட்டது மாதிரியான தவறு, நேரம் போதாமல் தொடாமல் விட்டது. முதலாவது அதிகம் என்றால் டுடோரியலில் ஓட்டை. இரண்டாவது அதிகம் என்றால் போட்ட கணக்கைச் சரிபார்க்கும் பழக்கம் இல்லை. மூன்றாவது என்றால் கடிகாரம் வைத்துக்கொண்டு பழைய தாள் எழுதிப் பழகவேண்டும். ‘இன்னும் நன்றாகப் படி’ என்ற ஒரே மருந்து மூன்றுக்கும் சரிவராது.

இப்போது உங்கள் பயத்துக்குக் கணக்கில் பதில். மாட்யூல் தொடங்கும்போது கொடுத்த பாடக் கையேட்டில் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று இருக்கும். உதாரணத்துக்கு, செமஸ்டர் நடுவில் வாங்கும் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 40, தேர்வுக்கு 60 என்றும், அந்த 40-இல் இரண்டு சோதனைக்குத் தலா 15, அசைன்மென்ட்டுக்கு 10 என்றும் வைப்போம். முதல் சோதனையில் 38 விழுக்காடு என்றால் 15-க்கு 5.7. இரண்டாவது சோதனையில் 60 வாங்கினால் 9, அசைன்மென்ட்டில் 70 என்றால் 7. மொத்தம் 21.7. தேர்வில் 60-க்கு 28.3 எடுத்தால் தேர்ச்சி, அதாவது 47 விழுக்காடு சொச்சம். கைக்கு எட்டுகிற தூரம்தான். ஆனால் இரண்டாவது சோதனையிலும் 38 வாங்கி, அசைன்மென்ட்டில் 50 வாங்கினால் கையில் 16.4 மட்டும், தேர்வில் 56 விழுக்காடு தேவைப்படும். சோதனையில் 38 எடுத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது பெரிய ஏற்றம். ஆக, உண்மையான திருப்பம் இரண்டாவது சோதனையில் இருக்கிறது.

அந்த 16.4 இன்னொரு விதத்திலும் ஆபத்து. 40-க்கு 16.4 என்றால் 41 விழுக்காடு. பல மாட்யூல்களில் வகுப்பு மதிப்பெண் 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் டி.பி. கிடைக்காது, அதாவது தேர்வு எழுதவே விடமாட்டார்கள். டி.பி.க்கு வேறு நிபந்தனைகளும் உண்டு: பிராக்டிகல் விடக்கூடாது, டுடோரியலுக்கு இத்தனை விழுக்காடு வருகை வேண்டும். காய்ச்சல் வந்து ஒரு பிராக்டிகல் தவறினால் டாக்டர் சான்றிதழைக் கையேட்டில் சொன்ன நாளுக்குள் கொடுக்கவேண்டும்; பின்னால் கொடுத்தால் எடுபடாது. படித்த பிள்ளை டி.பி. இழப்பது பெரும்பாலும் இந்தச் சின்னக் கவனக்குறைவால்தான். அறிவிப்பு எல்லாம் மாணவர் மின்னஞ்சலுக்கு மட்டும் வரும். வாட்ஸப் குழுவில் யாரோ சொன்ன தேதியை நம்பிச் சோதனையைத் தவறவிட்டால் அதற்கு மன்னிப்பு கிடையாது.

அசைன்மென்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நண்பனின் பிராக்டிகல் அறிக்கையைப் பார்த்து எழுதுவதும், இணையத்திலிருந்து வரிகளை எடுத்து ஒட்டுவதும் பள்ளியில் ஒரு திட்டோடு போயிருக்கும். இங்கே டர்னிட்டின் மென்பொருள் ஒற்றுமையைப் பிடித்துவிடும். கொடுத்தவன், எடுத்தவன் இருவருக்கும் ஒழுங்கு நடவடிக்கை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது மாட்யூலுக்கு மாட்யூல் மாறும். கையேட்டில் இல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது. பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து மதிப்பெண் கேட்காதீர்கள். பதினெட்டு வயதான மாணவரின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குக்கூடச் சொல்லமாட்டார்கள், தனியுரிமைச் சட்டம் அப்படி. தினமும் ‘என்ன மார்க்?’ என்று கேட்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருதடவை ‘இந்த வாரம் என்ன கெடு இருக்கிறது? எந்த நாள் லேட்டாக வருவாய்?’ என்று கேளுங்கள். சோதனைகள் மாலையிலும் சனிக்கிழமையிலும் வைப்பார்கள். கல்யாணத்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் அழைப்பு வந்தால் தேதியை முதலில் அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஈஸ்டர் வாரத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிபிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழா வரும். பிள்ளையைக் கோவிலுக்கு வராதே என்று தடுக்கவேண்டாம். அந்த ஒருநாள் அவனுக்குத் தெம்பு. விடுமுறை முடிந்ததும் சோதனைகள் வரிசையாக நிற்கும் என்பதால், நான்கு நாளையும் விரதம், அன்னதான வேலை, உறவினர் வீடு என்று நிரப்பிவிடாமல் இரண்டு காலைப்பொழுதையாவது படிப்புக்கு விட்டுக்கொடுங்கள். வார இறுதியில் கடை வேலைக்குப் போகிறான் என்றால் பத்து மணி நேரத்துக்குள் நிறுத்துவது நல்லது. பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சமையலும் தம்பி தங்கைகளைப் பார்ப்பதும் இதே மணிக்கணக்கைத் தின்னும். அதை வேலையாகவே நாம் எண்ணுவதில்லை, எண்ணவேண்டும்.

பணம் பற்றி: என்எஸ்ஃபாஸ் என்கிற அரசின் மாணவர் நிதி உதவி, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருப்பவர்களுக்கு. மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக நான்கு வருடம் வரைதான் கொடுப்பார்கள், ஒரே ஒரு வருடம் கூடுதல். இந்த ஆண்டு நான்கு மாட்யூலைத் தோற்றால் அந்தக் கூடுதல் வருடம் இப்போதே கரைகிறது. ஒரு மாட்யூல் உண்மையிலேயே தாங்கவில்லை என்றால் கைவிடலாம், ஆனால் அதற்குக் கடைசித் தேதி உண்டு. அதற்குள் விட்டால் தோல்வி என்று பதிவாகாது. கட்டணம் திரும்புவதற்கான தேதி அதைவிட முந்தியது. விடுவதற்கு முன் இரண்டு பேரைக் கேட்கவேண்டும்: புலத்தின் கல்வி ஆலோசகர், நிதி உதவி அலுவலகம். கிரெடிட் குறைந்தால் உதவித்தொகை பாதிக்கலாம். சில கணித மாட்யூல்கள் அடுத்த ஆண்டுப் பாடங்களுக்கு வாசல் என்பதால் ஒன்றை விட்டால் மூன்று அடைபடும்.

மனநிலையைக் கவனிப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வாரம் சோர்ந்திருப்பது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் தலைகீழாகப் போவது, சாப்பாட்டில் நாட்டமில்லாமல் போவது, வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகாமலிருப்பது, ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற பேச்சு: இதில் எது தெரிந்தாலும் வளாகத்தின் மாணவர் ஆலோசனை மையத்துக்கு அழைத்துப் போங்கள். அந்தக் கடைசிப் பேச்சு வந்தால் அன்றைக்கே போங்கள். மாணவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. வெளியே சாடாக் என்கிற மனச்சோர்வு, பதற்ற உதவி அமைப்பின் இலவசத் தொலைபேசி இருக்கிறது. கண் திருஷ்டி கழிப்பதும் நேர்ந்துகொள்வதும் கூடவே நடக்கட்டும், அதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள். டாக்டரிடம் போவதை அது தாமதப்படுத்தக்கூடாது, அவ்வளவுதான்.

படிப்பை மாற்றலாமா என்று கேட்டீர்கள். ஒரு சோதனையை வைத்து மாற்றாதீர்கள். ஜூன் முடிவு வரட்டும். வேலை செய்த மணிகளைத் தம்பி ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்து, வாரம் முப்பத்தைந்துக்கு மேல் உழைத்தும் முக்கியப் பாடம் இரண்டிலும் 50-ஐத் தொடவில்லை, அந்தப் பாடத்தைத் திறக்கவே வெறுப்பாக இருக்கிறது என்றால் மாற்றம் நியாயம். உழைத்ததே பதினெட்டு மணி என்றால் மாற வேண்டியது அட்டவணைதான். பாடத்தை மாற்றினாலும் அதே பதினெட்டு மணி அங்கேயும் கூடவே வரும். மாறுவதாக இருந்தால் அதே பல்கலைக்கழகத்துக்குள் வேறு பட்டத்துக்கு மாறினால் சில கிரெடிட்டாவது கூட வரலாம். செயல்முறைக் கல்வி பிடிக்கும் பிள்ளை என்றால் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிப்ளமோக்களைப் பாருங்கள், அதைக் கீழாக நினைக்கவேண்டாம். அடுத்த ஆண்டு இடத்துக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக இந்த ஆண்டு நடுவிலேயே மனுப் போடவேண்டியிருக்கும். ஜூலை விடுமுறையில் அந்தக் கெடுவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் தம்பி கல்வி ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: அந்த 38 விடைத்தாள், ஒவ்வொரு மாட்யூலின் கையேடு, போன வாரம் எந்த மணியில் என்ன செய்தான் என்று மறைக்காமல் எழுதிய ஒரு தாள். உள்ளே அவன் மட்டும் போகட்டும்.