அமெரிக்கக் கிராமப்புறத்தில் சொந்த நிலத்தில் விருப்பப்படி கொட்டகை கூடப் போட முடியாதா? அங்குள்ள விவசாயிகள் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி) நில மண்டல விதிகள்மீது, அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எங்கே கட்டலாம் என்ற விதிகள்மீது, ஏன் இவ்வளவு குறைப்படுகிறார்கள்?

வர்ஜீனியாவிலோ அதை ஒட்டிய மாநிலங்களிலோ ஐந்து பத்து ஏக்கர் வாங்கும் எண்ணத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டெக்சாஸ் என்றால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அங்கே பெரும்பாலான கவுண்டிகளுக்கு நிலத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் அதிகாரமே இல்லை. நான் வழக்கறிஞர் அல்லன். தலைநகர் வாஷிங்டனுக்கு மேற்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு வர்ஜீனியா கவுண்டியில் 2016இல் பதினோரு ஏக்கர் வாங்கி ஆடு வளர்ப்பவன். இன்றும் அங்கேயே வசிப்பதால் கவுண்டியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். எங்கள் பகுதியில் விதியே வேண்டாம் என்று சொல்பவர்கள் மிகச் சிலர். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த ஆழ்துளைக் கிணறும் சொந்த செப்டிக் டேங்கும் உள்ள இடத்தில், பக்கத்து நிலத்தில் நெருக்கமாக நாற்பது வீடுகள் வந்தால் யாருடைய கிணறு முதலில் வற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். விதி எழுதப்படுவதும் மாற்றப்படுவதும் தங்களுக்குக் கடைசியில்தான் தெரிய வருகிறது என்பதே அவர்களுடைய குறை. அது எனக்கு எப்படிப் புரிந்தது என்பதைச் சொல்கிறேன்.

2019இல் ஆடுகளுக்காக முப்பத்தாறு அடி நீளத்தில் ஒரு கொட்டகை போட்டேன். தாராபுரம் பக்கத்தில் பட்டி போட்டு ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், தண்ணீர் தேங்காத மேட்டையும் காற்று வரும் திசையையும் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பண்ணைக் கட்டடத்துக்கு அனுமதி தேவையில்லை என்று அடுத்த நிலத்துப் பெரியவர் சொன்னார். அவர் சொன்னது பொய்யன்று. வர்ஜீனியாவில் பண்ணைக் கட்டடங்களுக்கு மாநிலக் கட்டட விதித் தொகுப்பிலிருந்து பெரும்பாலும் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு நில மண்டல விதிக்குச் செல்லாது என்பதை நாங்கள் இருவருமே அறிந்திருக்கவில்லை. கால்நடைக் கொட்டகை எல்லையிலிருந்து நூறு அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது எங்கள் கவுண்டியின் விதி. என்னுடையது அறுபத்திரண்டு அடியில் இருந்தது. யாரோ புகார் செய்திருக்கிறார்கள். யார் என்று நான் தேடிப் போகவில்லை.

விதிமீறல் கடிதம், சொத்து வரிப் பதிவேட்டில் இருந்த என் பழைய அடுக்குமாடி முகவரிக்குப் போயிற்று. அங்கே குடியிருந்தவர் நல்லெண்ணத்தோடு அதைத் திருப்பி அனுப்பி என் கைக்கு வந்தபோது, மேல்முறையீட்டுக்குச் சட்டம் தரும் முப்பது நாட்களில் ஒன்பது நாட்களே மீதம் இருந்தன. அந்த நாட்கள் கடந்துவிட்டால் கடிதத்தில் உள்ளதே இறுதி முடிவாகிவிடும். முகவரியை மாற்றாதது என் தவறு என்பதை மறுக்கவில்லை. விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, மண்டல மேல்முறையீட்டுக் குழுவின் முன் நின்றேன். எனக்குப் பேசக் கிடைத்தது சில நிமிடங்கள். மேற்குப் பக்கம் பாறை, மழைக்காலத்தில் நீர் நிற்கும், ஆட்டுக்குக் குளம்பு அழுகும் என்று சொன்னேன். இந்த இடர்ப்பாடு விண்ணப்பதாரர் தாமே வரவழைத்துக்கொண்டது என்று கூறி மறுத்தார்கள். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. கொட்டகையைப் பிரித்து அந்தப் பாறை நிலத்தில் மீண்டும் நட்டேன்.

அதே மண்டபத்தில், இரண்டு ஆண்டுகள் கழித்து, பல நூறு ஏக்கரில் சூரிய மின்தகடுகள் அமைக்கும் விண்ணப்பம் ஒன்று வந்தது. கவுண்டியின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக் குழுவான மேற்பார்வையாளர் குழு சிறப்புப் பயன்பாட்டு அனுமதி வழங்கியபோது, சில பக்கங்களில் எல்லை இடைவெளியையும் குறைத்துக் கொடுத்தது. அது வேறு குழு, வேறு நடைமுறை என்று இங்கே யாராவது எழுதுவார்கள்; சரிதான். ஆயினும் வழக்கறிஞரும் பொறியாளரும் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு விதி பேசித் தீர்க்கும் பொருளாக இருக்கிறது, எங்களுக்கு அளந்து பார்க்கும் நாடாவாக மட்டுமே இருக்கிறது என்று என் அண்டையார் சொல்லும்போது என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

அந்த விண்ணப்பத்தைப் பற்றி எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. வர்ஜீனியாவில் ஒரு சில மனைகளை மட்டும் பாதிக்கும் மாற்றத்துக்கு, ஒட்டியிருக்கும் நிலத்தாருக்கும் சாலைக்கு எதிரே இருப்பவருக்கும் விசாரணைக்கு ஐந்து நாட்கள் முன்னதாகத் தெரிவித்தால் போதும். ஒரு நிலம் தள்ளி இருக்கும் நான் செய்தித்தாளின் சட்ட அறிவிப்புப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிலத்தடி நீர் அந்த எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை.

இது என் ஒருவனின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் 1998 முதல் கிராமப் பகுதி ஒன்றை வரையறுத்து, பத்து ஏக்கருக்கு ஒரு வீடு என்று காத்து வந்தார்கள். அந்தப் பகுதிக்குள், மனாசஸ் போர்க்களப் பூங்காவை ஒட்டி ஏறத்தாழ 2,100 ஏக்கரில் தரவு மையங்கள் (இணையச் சேவைகளுக்கான கணினிகள் நிறைந்த பெரிய கட்டடங்கள்) அமைக்க 2023 டிசம்பரில், ஒரு நாளுக்கும் மேல் நீண்ட கூட்டத்தின் முடிவில், மண்டல மாற்றம் நிறைவேறியது. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காரணம் மின்சாரமோ இரைச்சலோ அன்று. பொது விசாரணைக்கான அறிவிப்பு சட்டம் சொன்னபடி வெளியிடப்படவில்லை என்பதுதான்.

ஆனால் அங்கே மாற்றத்தைக் கேட்டவர்களிலும் கிராமத்து நிலத்தார் இருந்தார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. சுற்றிலும் மின்கோபுரங்களும் போக்குவரத்தும் பெருகிய பிறகு, நல்ல விலைக்கு விற்று வெளியேற விரும்பினார்கள். என் பக்கத்து நிலத்துப் பெரியவரின் நிலைமையும் ஏறக்குறைய அதுவே. கையில் பணம் இல்லை, முதுமைக்கு இருப்பதெல்லாம் நிலம். மனையின் குறைந்தபட்ச அளவைக் கவுண்டி உயர்த்தும்போதெல்லாம், பிரித்து விற்கக்கூடிய மனைகள் குறைந்து, அவருக்கு ஓய்வூதியமாக இருக்கும் நிலத்தின் மதிப்பு குறைகிறது. பசுமை காக்கப்பட வேண்டும் என்று நகரத்திலிருந்து வந்து பேசுகிறவர்கள் அந்தச் செலவை யார் சுமப்பது என்று கேட்பதில்லை. நானும் வெளியிலிருந்து வந்தவன்தான். முதல் மூன்று ஆண்டுகள் நானும் கேட்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவே. முன்பணம் கொடுப்பதற்கு முன் கவுண்டி அலுவலகத்துக்கு நேரில் சென்று, அந்த நிலம் எந்த மண்டலத்தில் இருக்கிறது, கால்நடைக் கொட்டகைக்கு எல்லை இடைவெளி எத்தனை அடி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விவசாய நிலத்துக்கான வரிச் சலுகை இருந்தால், பயன்பாட்டை மாற்றும்போது ஐந்து ஆண்டு வரி வித்தியாசத்தை வட்டியோடு கட்ட வேண்டி வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எந்தப் பகுதி எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் கவுண்டியின் பெருந்திட்டத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்ய வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. அந்தக் கூட்டங்களுக்குத் தவறாமல் போங்கள், தனி விண்ணப்பம் வரும்போது பாதி முடிவு அங்கேயே எடுக்கப்பட்டிருக்கும். பத்திரம் பதிவான அதே வாரத்தில் வரிப் பதிவேட்டில் உங்கள் முகவரியை மாற்றிவிடுங்கள்.