குளிசை வேண்டாம் என்கிறார், என்ன செய்வது?

மட்டக்களப்புப் பக்கத்து மனநல வாட்டுகளில் 27 வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் ஒருவர் மருந்தை மறுக்கிறார் என்று கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குளிசையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம், அது டொக்டரின் வேலை.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 58 வயது. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள் என்று இரவெல்லாம் முழித்திருக்கிறார். குளிசையை நீட்டினால், "வருத்தம் எனக்கில்லை, உனக்குத்தான், நீயே போடு" என்கிறார். இடித்துப் பால் தேத்தண்ணியில் கலந்து கொடுக்கிறோம். பிழையா மிஸ்?

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. வாட்டில் ஊருக்குப் புத்தி சொல்லிக்கொண்டு, வீட்டில் என் சின்னம்மாவுக்குச் சொதியில் கலந்தவள் நான். ஒரு நாள் கோப்பையின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கண்டுவிட்டார். "நஞ்சு வைக்கிறீர்கள்" என்று அவர் சொன்னபோதெல்லாம் இல்லை என்று சத்தியம் செய்த நாங்களே அதற்குச் சாட்சி வைத்தது போலாயிற்று. அப்புறம் நாலு மாதம் எங்கள் கையால் சமைத்த எதையும் தொடவில்லை. தோலோடு வாழைப்பழம், கோதோடு அவித்த முட்டை, கண் முன்னால் வெட்டிய இளநீர், அவ்வளவுதான்.

இன்னொன்று, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டால் மருந்தும் பாதிதான். சில குளிசைகளை இடிக்கவே கூடாது. கலந்து கொடுப்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "இந்த அளவு போதவில்லை" என்று அவர் கூட்டி எழுதிவிடுவார்.

அம்மா சொல்வதைப் பிடிவாதம் என்று எடுக்காதீர்கள். தனக்கு வருத்தம் என்று உணர்வதையே இந்த நோய் பலருக்கு மறைத்துவிடும். அனோசொக்னோசியா என்பார்கள். பக்கவாதத்தில் கை விழுந்த சிலர்கூட, கை நன்றாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பார்கள். அவர்களோடு வாதாடி வெல்ல முடியுமா? அதனால் "உங்களுக்கு வருத்தம்" என்ற பேச்சை விடுங்கள். பக்கத்து வீட்டார் கதைக்கவில்லை என்று நிரூபிக்கவும் போகாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். "அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் பெரிய பாடுதான் அம்மா" என்பது பொய்யில்லை. அவருக்கு எது கஷ்டம் என்று கேளுங்கள். பெரும்பாலும் நித்திரை என்றுதான் வரும். அவருடைய குளிசை நித்திரைக்கும் உதவும் என்று டொக்டர் சொன்னால், அதைச் சொல்லியே கொடுக்கலாம். வைட்டமின் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நம் பக்கத்தில் அம்மா மகளோடுதான் இருப்பார், அதட்டுபவளும் மகள்தான். கொஞ்ச நாளைக்குக் கொடுக்கும் கையை மாற்றிப் பாருங்கள். அவருடைய தம்பி, உங்கள் மாமா, சொன்னால் கேட்பாரா?

அக்கரைப்பற்று, ஒரு அண்ணன்: தம்பிக்கு 24 வயது. குளிசையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு வெளியே போய்த் துப்புகிறான். ஒரு இடத்தில் இருக்கமாட்டான், நடந்துகொண்டே இருக்கிறான்.

நடப்பது வருத்தத்தாலா, குளிசையாலா என்று முதலில் பார்க்க வேண்டும். ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் போன்ற மனநலக் குளிசைகள் சிலருக்கு உடம்பை விறைக்க வைக்கும், சிலருக்கு உள்ளுக்குள் ஒரு பதற்றத்தைக் கொடுத்து இருக்கவிடாமல் செய்யும். அது தாங்க முடியாத அவஸ்தை. துப்புவதில் நியாயம் இருக்கிறது. அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கூட்டிப் போங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், விறைப்புக்கு வேறு குளிசை சேர்க்கலாம். ஒலன்சபின் என்றால் பசியும் உடம்பும் கூடும். ஆண் பிள்ளைகள் உறவு சம்பந்தமான குறையை வீட்டாருக்கு முன் சொல்லவே மாட்டார்கள். டொக்டரோடு அவனைத் தனியாகக் கதைக்க விட்டுவிட்டு நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள்.

காத்தான்குடி: வாப்பா மனநிலை ஏறி இறங்காமல் இருக்க லித்தியம் என்ற குளிசை எடுக்கிறார். நோன்பு பிடிக்க வேண்டும் என்று போன வருடம் குளிசையை நிறுத்திவிட்டார். இந்த முறையும் அப்படித்தான் சொல்கிறார்.

நோன்புக்கு முன்பே டொக்டரிடம் போங்கள். சில மருந்துகளை நோன்பு திறந்த பிறகும் சஹருக்குமாக மாற்றிக்கொள்ளலாம். லித்தியம் அப்படி இலேசானதல்ல. இந்த வெயிலில் பகல் முழுக்கத் தண்ணீரில்லாமல் இருந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அன்றே வைத்தியசாலை. இபுபுரோபன், டைக்ளோபெனாக் போன்ற நோக்குளிசைகளும் அளவை ஏற்றும். திடீரென்று நிறுத்தினாலோ வருத்தம் திரும்பிவிடும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை நீங்கள் சொல்வதை விட, அவர் மதிக்கும் மௌலவி ஒருவர் சொன்னால் எடுபடும்.

வாகரை: பெத்தம்மா இது செய்வினை என்கிறார். நூல் கட்டிய பிறகு குளிசை எதற்கு என்று அண்ணனும் விட்டுவிட்டார்.

மந்திரத்தால் பாயோடு ஒட்டவைக்கும் ஊர் என்று பெயரெடுத்த மட்டக்களப்பில் இதைக் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். நூல் கட்டட்டும், கோயிலுக்கும் போகட்டும். பூசாரியைத் தனியாகக் கண்டு, "குளிசையையும் விடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நூல் கட்டும்போதே அதைச் சொல்லி அனுப்புவார். அடிப்பது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது என்று தொடங்கினால் உடனே கூட்டி வந்துவிடுங்கள். வைகாசிச் சடங்கு நாட்களில் இரவிரவாக முழித்திருக்கவும் விடாதீர்கள். நித்திரை கெட்டாலே சிலருக்கு வருத்தம் கிளம்பும்.

திருக்கோவில்: மகன் கத்தியைத் தூக்குகிறான். பிடித்து அமத்தி ஊசி போடலாமா?

அந்த நேரத்தில் குளிசைப் பேச்சே வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு வெளியே வந்து 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள், தேவையென்றால் பொலிஸுக்கும். என்ன செய்வதென்று கதைக்க 1926 மனநல உதவி இலக்கம் இருக்கிறது. அவன் தெளிந்த பிறகு கத்தி, வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். தினமும் குளிசைச் சண்டை வேண்டாம் என்றால் இரண்டு முதல் நாலு கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. அதை அவனிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஊசியை விரும்பி எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

வாழைச்சேனை: கணவர் ஆறு மாதமாக நல்ல சுகம். இனி எதற்கு என்கிறார்.

குளிசையால்தான் அந்தச் சுகம். மனப்பிறழ்வு முதல் தடவை வந்தவருக்கே ஒன்றிரண்டு வருடம் தொடரச் சொல்வார்கள். விட வேண்டுமென்றால் டொக்டரோடு சேர்ந்து படிப்படியாகக் குறைக்கட்டும்.

கட்டாரிலிருந்து ஒரு மகள்: தினமும் எடுத்து "குளிசை போட்டீங்களா" என்று கேட்டால் அப்பா போனை வைத்துவிடுகிறார்.

எண்ணிப் பார்க்கும் வேலையை வீட்டிலிருக்கும் தங்கச்சியிடம் விடுங்கள். நீங்கள் ஒரு கிழமைக்கு "இன்றைக்கு என்ன கறி" என்று மட்டும் கேளுங்கள்.