முதல் மதியம் டேப்லட் வேண்டாம்

கேள்வி: திருகோணமலையில் தாதிய மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கும்போது உதவித் தொழில்நுட்பத்தை (பேச உதவும் படப் பலகை, செயலி போன்றவற்றை) கையாள அவர்களைப் பழக்க வேண்டும். ஒரேயொரு டேப்லட்தான் இருக்கிறது; கிடைப்பது இரண்டு மதியங்கள். எங்கே தொடங்கலாம்?

பதில்: அட்டையில் தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட முன்னுரிமை உதவிச் சாதனங்களின் பட்டியலில் 50 சாதனங்கள் உண்டு. படங்களைத் தொட்டுப் பேசும் தொடர்பாடல் பலகையும் அதில் ஒன்று. பன்னிரண்டு படம் ஒட்டினால் பலகை தயார்.

மாணவர்களை இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் நோயாளி, வாய் திறக்கக் கூடாது. "வயிறு வலிக்குது, ஆனா ஊசி வேண்டாம்" என்பதைப் பலகையைத் தொட்டே சொல்லட்டும். அநேகமாகத் திணறுவார். நாம் செய்யும் பலகைகளில் சோறு, தண்ணி, பந்து என்று கேட்டு வாங்கும் பொருட்கள்தான் நிறைந்திருக்கும். 'வலி', 'வேண்டாம்', 'நிறுத்து' இருக்காது. வைத்தியசாலை விடுதியில் (வார்டில்) முதலில் தேவைப்படுவது இவைதான். விடுபட்டதை மாணவர்களே கண்டுபிடித்து ஒட்டட்டும், நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சொல். டேப்லட்டில் படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் உண்டு. இந்தியாவில் செய்தவற்றில் 'நாற்காலி', 'சோப்பு' என்று வரும். நம் பிள்ளை கேட்டு வளர்ந்தது கதிரையும் சவர்க்காரமும். நானே ஒருமுறை 'நாற்காலி' என்று சொல்லி ஒரு பையனை முழிக்க வைத்திருக்கிறேன். கிண்ணியா முஸ்லிம் பிள்ளைக்கு 'வாப்பா', சிங்களப் பிள்ளைக்குத் 'தாத்தா' என்றால் அப்பா. திருகோணமலையில் ஒரே விடுதியில் மூவரும் இருப்பார்கள். ஆகவே வீட்டாரிடம் கேட்டே சொற்களை எழுத வேண்டும்; முடிந்தால் தாயின் குரலையே பதிவு செய்யலாம்.

இரண்டாம் மதியம் டேப்லட்டை எடுங்கள். பேசும்போதே மாணவரும் படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். பிள்ளை பார்த்துத்தான் பழகும். கேள்வி கேட்ட பிறகு பத்து விநாடி சும்மா இருக்கச் சொல்லுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. கெட்டிக்கார மாணவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம்! பிள்ளையின் விரலைப் பிடித்துப் படத்தில் வைப்பது கூடவே கூடாது. அப்போது பேசுவது மாணவர், பிள்ளையல்ல.

சார்ஜ், துடைத்துச் சுத்தம் செய்வது எல்லாம் ஐந்து நிமிட வேலை. ஆனால் வீட்டிலிருந்து வந்த சாதனத்தை, தொலைந்துவிடும் என்று அலுமாரியில் பூட்டும் பழக்கம் இருக்கிறதே, அதை இப்போதே நிறுத்துங்கள். அது கட்டிலருகே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்பதை நோயாளர் எப்படிக் காட்டுகிறார் என்று அவருடைய குறிப்பில் ஒரு வரி எழுதப் பழக்குங்கள். இரவுப் பணிக்கு வருபவர் அதைப் படித்துவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும்.